நிசான் ஜிடி-ஆரா, போர்ஷே 911ஆ? டிராக்ல நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

கொலோன் குமரன்:
ஜெர்மனியில நூர்பர்க்ரிங் டிராக், பொதுமக்களுக்குத் திறந்துவிடுற ஒரு ஞாயிறு. என்னுது 2009 ஜிடி-ஆர், 485 குதிரைசக்தி. கண்ணாடியில ஒரு 997 ஜிடி3, 911ஓட டிராக் ரகம், அதுக்கு 415தான். நேர்ரோட்டுல பின்தங்குது, வளைவு வந்தா ஒட்டிக்குது. ஷ்வீடன்க்ராய்ட்ஸ் மேட்டைத் தாண்டி ஆரம்பெர்க் வளைவுக்கு பிரேக்கை மிதிச்சேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. ரெண்டாவது மிதியிலதான் பிடிச்சுது. வலது இண்டிகேட்டரைப் போட்டு ஒதுங்கிட்டேன். அவர் இடப்பக்கமா தாண்டிப் போய், எவ்வளவோ தள்ளி பிரேக் போட்டார். அந்தச் சிவப்பு விளக்கு இன்னும் கண்ணுலயே நிக்குது. பிரேக் ஆயிலை மூணு வருஷமா மாத்தலை, தப்பு என்னுதுதான். ஆனா என் வண்டியோட 1,740 கிலோவுக்கும் ஜிடி3யோட 1,395 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

ஷா ஆலம் மணி:
குமரன் அண்ணே, ஆயிலை மாத்தாம எடையைச் சொன்னா எப்படி? 2008ல இதே ரிங்ல ஜிடி-ஆர் ஒரு சுத்தை 7 நிமிஷம் 29 விநாடியில ஓடுச்சுன்னு நிசான் சொன்னாங்க. போர்ஷே நம்பலை. தாங்களே ஒண்ணு வாங்கி ஓட்டிப் பார்த்து, 7:54தான் வருதுன்னாங்க. கம்பெனி ஓட்டுநருங்களுக்குள்ளயே 25 விநாடி இடிக்குது. ஒரு ஞாயித்துக்கிழமையை வெச்சு எது ஒசத்தின்னு முடிவு பண்ணாதீங்க.

நான் பார்த்தது மலேசியாவுல செபாங் டிராக்ல. மழை விட்டு டிராக் பாதிதான் காஞ்சிருந்துச்சு. கூட்டாளியோட ஜிடி-ஆர் காடியில நான் பக்கத்து சீட்டு. கடைசி 15ஆம் வளைவுல லேட்டா திருப்பிட்டான், மூக்கு வெளிய தள்ளுது, போச்சுன்னே நினைச்சேன். கொஞ்சம் பொறுத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான், நாலு சக்கரமும் ஒண்ணாப் பிடிச்சு இழுத்துச்சு. முன்னால போன ஜிடி3 அதே இடத்துல வாலை ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. ஈரத்துல ஜிடி-ஆர்தான்.

ஸ்ரீபெரும்புதூர் சிவா:
"911 டர்போவுக்குப் பாதி விலை"ன்னு இன்னும் பேசுறாங்க. அது 2008 அமெரிக்கக் கணக்கு: ஜிடி-ஆர் 69,850 டாலர், 911 டர்போ 1,20,000க்கு மேல. இந்தியாவுக்கு ஜிடி-ஆர் 2016 டிசம்பர்ல 1.99 கோடிக்கு வந்துச்சு, மறு வருஷம் ஜிடி3 2.31 கோடிக்கு. டிராக்குக்குத்தான் வாங்குறீங்கன்னா விலை வித்தியாசத்தைப் பார்க்காதீங்க, ஜிடி3 எடுங்க.

இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஒருத்தர் அஞ்சு சுத்து விரட்டிட்டு, வண்டி நிறுத்துற பிட்டுக்குள்ள நேரா வந்தார். சக்கரத்துல கருகின வாடை. பிரேக்ல கால அழுத்தி வெச்சபடியே ஹெல்மெட்டைக் கழட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது இன்னும் உறுத்துது.

அதனால இங்கயே சொல்லிடறேன். கடைசிச் சுத்தை முடிஞ்சவரைக்கும் பிரேக்கைத் தொடாம மெதுவா ஓட்டி, பிரேக் டிஸ்க்கை ஆறவிட்டு உள்ள வாங்க. நின்னதும் பிரேக்ல இருந்து காலை எடுத்துடுங்க, ஹேண்ட்பிரேக்கும் வேணாம், சக்கரத்துக்குக் கட்டை வைங்க. சூடான டிஸ்க்ல பிரேக் பேட் அழுந்தி நின்னா அந்த இடத்துல ஒட்டிக்கும், அப்புறம் ஸ்டீயரிங் அதிரும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், கொதிநிலை இறங்கிடும். கொதிச்சா உள்ள ஆவிக்குமிழ், பெடல் அமுங்கும். குமரனுக்கு நடந்தது அதுதான். ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன்னாடி புதுசு ஊத்துங்க. டயர் காத்தை வண்டி சூடா உள்ள வந்தவுடனே அளந்து சரிபண்ணுங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு செட் டயர், டிஸ்க், பேட் என்ன விலைன்னு கேளுங்க. கனமான வண்டி அதையெல்லாம் சீக்கிரம் தின்னும்.

கொலோன் குமரன்:
சிவா, ஆயில், பேட் ரெண்டையும் மாத்திட்டு மறு வருஷம் போனேன். பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. அப்பவும் ஆரம்பெர்க்ல, அந்த ஜிடி3 பிரேக் போட்ட இடம் வரைக்கும் என்னால போக முடியலை.