எந்தக் கணினியின் டி டிரைவ்?

செந்தூல், கோலாலம்பூர்

மின்னஞ்சல் ஆவணக் காப்பு மென்பொருளை நிறுவும்போது தரவுத்தளம் உருவாகும் கட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

வாடிக்கையாளர் ஒரு வணிக நிறுவனம். நம் நாட்டுச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்குகளுக்கான ஆதாரங்களில் பாதி, பழைய மின்னஞ்சல்களுக்குள்தான் கிடந்தன. சனிக்கிழமை இரவு 9 மணிக்கு வேலையைத் தொடங்கினேன். தரவுத்தளக் கோப்புகளை எங்கே வைப்பது என்று நிறுவல் திரை கேட்டது. டி டிரைவில் ஒரு கோப்புறையை உருவாக்கி, அதன் பாதையைக் கொடுத்தேன். "தரவுத்தளத்தை உருவாக்க முடியவில்லை" என்று ஒற்றை வரி வந்து நின்றது. மென்பொருளை நீக்கி மறுபடியும் நிறுவினேன். அதே வரி. மூன்றாம் முறையும் அதேதான்.

நள்ளிரவு தாண்டியபின், முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவரை அழைத்தேன். தரவுத்தள நிர்வாகத்தில் பழுத்த அனுபவம் உள்ளவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நீங்கள் சொல்லும் டி டிரைவ் எந்தக் கணினியில் இருக்கிறது?"

கோப்புறையை நான் உருவாக்கியது ஆவணக் காப்புக் கணினியில். தரவுத்தளங்களை உருவாக்கி நடத்தும் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் இருந்ததோ வேறொரு கணினியில். கோப்பை உருவாக்குவது எஸ்கியூஎல் சர்வர்தான். அது தன் வீட்டு டி டிரைவில்தான் தேடும். அக்கா சொன்னபடி, அதை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவைத் திறந்து, அதே பாதையோடு தரவுத்தளம் உருவாக்கும் கட்டளையைக் கையால் ஓட்டினேன். நிறுவல் திரை விழுங்கிவிட்ட செய்தி முழுதாக வந்தது: பிழை 5133, கோப்புறை இல்லை. சரியான கணினியில் கோப்புறையை உருவாக்கினேன். இப்போது பிழை 5123, இயங்குதளப் பிழை 5, அனுமதி மறுப்பு.

எனக்கு நிர்வாகி உரிமை இருந்தது. ஆனால் எழுதப்போவது நானில்லையே. எஸ்கியூஎல் சேவை எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்குக்கு அந்தக் கோப்புறையில் எழுதும் உரிமை வேண்டும். அங்கே அது 'என்டி சர்வீஸ்' என்று தொடங்கும் கணக்கு. அனுமதிப் பட்டியலில் தேடினால் அகப்படாது. தேடும் இடத்தை டொமைனிலிருந்து, அதாவது நிறுவனத்தின் பொதுக் கணக்குப் பட்டியலிலிருந்து, அந்தக் கணினிக்கே மாற்றி, முழுப் பெயரையும் தட்டெழுத வேண்டும். தட்டெழுதினேன். ஒரு நிமிடத்தில் தரவுத்தளம் உருவானது.

பட்டர்வொர்த், பினாங்கு

தம்பி, எனக்கு வந்தது பிழை 262, தரவுத்தளம் உருவாக்க அனுமதி இல்லை என்பது. என் கணக்கில் கட்டளையைக் கையால் ஓட்டினால் உருவாகிறது, நிறுவலில் மட்டும் உருவாகவில்லை. நிறுவல், ஆவணக் காப்புச் சேவைக்கென்று ஒதுக்கிய கணக்கில் போய்க் கதவைத் தட்டுகிறது. அந்தக் கணக்குக்கு எஸ்கியூஎல் சர்வரில் தரவுத்தளம் உருவாக்க உரிமை தரும் 'டிபிகிரியேட்டர்' பொறுப்பே தரப்படவில்லை. ஆகவே நீங்கள் சொன்ன சோதனையை அந்தச் சேவைக் கணக்கிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டு, சர்வர் முழுவதிலும் எல்லா உரிமையும் தரும் 'சிஸ்அட்மின்' பொறுப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் மற்றத் துறைகளின் தரவுத்தளங்களும் அதே சர்வரில் இருந்தால், அவை எல்லாவற்றின் சாவியையும் ஒரே கணக்கிடம் ஒப்படைத்தது போலாகும். எங்கள் தரவுத்தள நிர்வாகி மறுத்தார். அன்று எனக்குக் கோபம் வந்தது; அவர் செய்தது சரி.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

எனக்குப் பிழை 1807. புதிய தரவுத்தளம் ஒவ்வொன்றையும் எஸ்கியூஎல் சர்வர் 'மாடல்' என்ற தரவுத்தளத்தை நகலெடுத்துத்தான் உருவாக்குகிறது. அந்த நேரத்தில் வேறு யாரும் மாடலில் இருக்கக் கூடாது. யாரோ ஒருவர் மாடலில் ஒரு வினவல் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும் 'எஸ்பி_ஹூ2' கட்டளையை ஓட்டியதும் அவருடைய கணினியின் பெயர் தெரிந்தது. அவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தேன்.

செந்தூல் நண்பரே, மூன்று முறை முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் ஏதும் தங்கவில்லையா? பாதியில் தோற்ற நிறுவல் அரைகுறைத் தரவுத்தளத்தை விட்டுவைத்தால் அடுத்த முறை 1801, அந்தப் பெயரில் தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது என்று வரும். அதை ஆஃப்லைனில் (இயங்காத நிலையில்) வைத்து நீக்கினால் கோப்புகள் வட்டிலேயே கிடக்கும். பிறகு 5170, கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று வரும். கோப்பைக் கையால் அழிப்பதற்கு முன், அது வேறு எந்தத் தரவுத்தளத்துக்கும் உரியதல்ல என்பதைத் தயவுசெய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

நெட்வொர்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்கியூஎல் சர்வரோடு இணையும் வழக்கமான போர்ட் (நெட்வொர்க் வாசல்) டிசிபி 1433. தனிப் பெயர் கொடுத்து நிறுவிய எஸ்கியூஎல் சர்வர் (பெயரிட்ட இன்ஸ்டன்ஸ்) என்றால் போர்ட் மாறக்கூடியது. அதைக் கண்டறிய யுடிபி 1434 வேண்டும். ஃபயர்வாலில் முதலாவதை மட்டும் திறந்துவிட்டு நான் ஒரு பகல் முழுவதும் கடவுச்சொல்லைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

செந்தூல், கோலாலம்பூர்

பிரிக்பீல்ட்ஸ் நண்பருக்கு: எனக்கு மிச்சம் ஏதும் தங்கவில்லை, கோப்புறையே இல்லாததால் கோப்பு எதுவும் உருவாகவில்லை. பட்டர்வொர்த் அண்ணன் எழுதியதைப் படித்ததும் அந்த வாடிக்கையாளரின் சர்வரைத் திறந்து பார்த்தேன். சேவைக் கணக்குக்குச் 'சிஸ்அட்மின்' இருக்கிறது. எனக்கு முன்பே யாரோ கொடுத்திருக்கிறார்கள். நாளைக் காலை அவர்களுடைய நிர்வாகியிடம் பேசுகிறேன்.