பட்டர் பீன்ஸ் குழைஞ்சதுக்குப் பதில், அம்மாச்சி அடுப்பு, அப்புறம் மன்னவனூர் கேம்ப்

ஊர்க்காரங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் தோஹா அக்கா எழுதியிருந்தீங்க, ஊர்ல இருந்து வந்த காஞ்ச பட்டர் பீன்ஸை வீட்டுப் பெரியவங்க சொன்ன கணக்குலயே வேக வச்சும் களி மாதிரி குழைஞ்சிடுச்சு, கைப்பக்குவமே போச்சுன்னு. கைப்பக்குவம் எங்கயும் போகல அக்கா. சிங்கப்பூர் வந்த முதல் வருசம் எனக்கும் இதேதான், மூணு தடவ கீழ கொட்டிட்டு அழுகையே வந்துருச்சு.

கொடைக்கானல் மலையில நம்ம ஊர் பூம்பாறை 6,000 அடிக்கு மேல இருக்கு. ஆயிரம் அடி ஏறினா தண்ணி கொதிக்கிற சூடு சுமாரா ஒரு டிகிரி குறையும், அதனால கடற்கரை ஊர்ல 100 டிகிரில கொதிக்கிறது நம்ம வீட்டுப் பானையில 94 கிட்டயே தளதளன்னு கொதிச்சிடும். அதுக்கு மேல எம்புட்டு வெறகு வச்சாலும் தண்ணி வத்துமே தவிர சூடு ஏறாது. ஊர்ல ரெண்டு மணி நேரம் பிடிக்கிற பயிறு உங்க ஊர்ல அதுக்கு ரொம்ப முன்னாடியே வெந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

எங்க அம்மாச்சிக்கு இந்த டிகிரி கணக்கெல்லாம் தெரியாது, ஆனா அதுக்கு ஏத்த மாதிரிதான் எல்லாமே பண்ணும். பயிற வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு சட்டிய ராத்திரி பூரா அடுப்பு ஓரமாவே விட்டுரும், பச்சத் தண்ணில போட்டா அந்தக் குளுருக்கு விடிஞ்சாலும் சரியா ஊறாது. காலையில முதல்ல பெரிய அடுப்புல ஒரு கொதி, அப்புறம் பெரிய அடுப்பு சூட்டுலயே எரியிற பக்கத்து கொடியடுப்புக்கு மாத்திட்டு தோட்டத்துக்குப் போயிரும். சீகை வெறகு நின்னு எரியும், அந்தக் கங்கு சூட்டுலயே அது பாட்டுக்கு வேகும். திரும்பி வந்து ஒரு பயிற எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல அமுக்கிப் பாக்கும், மசிஞ்சாதான் புளித் தண்ணி. ஒரு நாள் நான் அவசரப்பட்டு புளிய முன்னாடியே ஊத்திட்டேன், சாயங்காலம் வரைக்கும் பயிறு வெறச்சுக்கிட்டே கிடந்துச்சு, புளிப்பு பட்டா பயிறு வேகாதுன்னு அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். அக்கா, அம்மாச்சி ஒருநாளும் மணி பாத்ததில்ல. ரெண்டு மணி நேரம்னு நோட்டுல எழுதினது நம்மதான். நீங்க விரல நம்புங்க.

கேம்ப் கதையும் இதுல சேரும். ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கௌட்ல மன்னவனூர் பக்கம் மூணு நாள் கூட்டிட்டுப் போனாங்க, நாப்பது பேர். சமைக்க வந்தவரு கீழ இருந்து வந்தவரு, நல்ல கைக்காரர், ஆனா மலையில சமைச்சதில்ல. முதல் நாள் மழை வேற, வெறகெல்லாம் நனைஞ்சு ஒரே புகை, கடைசில சோறு வெளிய வெந்தும் நடுவுல அரிசியாவே இருந்துச்சு, பசங்க பாதி பேரு ரொட்டிய தின்னுட்டுப் படுத்தோம். மறுநாள் நானும் கூக்கால் ஊர்ப் பையன் ஒருத்தனும் போய் எங்க வீட்ல செய்யிற மாதிரி செய்யலாமாண்ணேன்னு கேட்டோம், அவரும் மனசார விட்டாரு. அரிசிய ஒரு மணி நேரம் ஊற வச்சோம், பைன் மரத்தடியில காஞ்ச ஊசி இலையும் காயும் பொறுக்கிட்டு வந்து தீ மூட்டினோம், அந்தப் பிசினுக்கு குப்புனு பிடிக்கும். தண்ணி சுண்டினதும் தட்டப் போட்டு மூடி மேல ஒரு கல்ல தூக்கி வச்சு, தட்டு மேலயும் கங்கு அள்ளிப் போட்டு அப்பிடியே விட்டுட்டோம். சோறு மல்லிப்பூ மாதிரி இருந்துச்சு. மிச்ச சாம்பல்ல உருளைக்கிழங்கப் புதைச்சு சுட்டு, தோலக் கீறி உப்பு மட்டும் வச்சு அந்தக் குளுர்ல தின்ன ருசிய இன்னைக்கு வரைக்கும் எந்த ஓவன்லயும் நான் பாக்கல.

பூண்டுக் குழம்பு கேட்ட தம்பிக்கு: நம்ம மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது தெரியும்தானே, அந்தப் பூண்டு இல்லாம அம்மாச்சி குழம்ப செய்யாதீங்க, கடைப் பூண்டு பெருசா இருக்கும், காரம் இருக்காது. முழுப் பல்லாவே நல்லெண்ணெயில செவக்க வதக்கணும், சின்ன வெங்காயம் பூண்டுல பாதி, புளி கெட்டியா, எண்ணெ மேல மிதந்து வந்தா எறக்கிரலாம். வேற ஒன்னும் பெரிய ரகசியம் இல்ல.

இந்த வருசம் ஊருக்குப் போறவங்க யாராவது இருந்தா எனக்கு ரெண்டு கட்டு பூண்டு வாங்கிட்டு வர முடியுமா, காசு முன்னாடியே அனுப்பிடுறேன். அடுப்புக்கு மேல புகையில தொங்கவிட்டு காஞ்சதா பாத்து வாங்குங்க, வெயில்ல காஞ்சது வேண்டாம். எம்பொண்ணு அந்தப் புகை வாசத்த இன்னும் மோந்து பாத்ததில்ல.