தயாரிப்பாளரிடம் காட்டும் முன் என் கருவியைப் பாதுகாப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். கை நடுங்குகிறவர்கள் தாங்களே கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள ஒரு சின்னக் கருவி செய்திருக்கிறேன். கண்ணைச் சுற்றிப் பதிந்து உட்காரும் ஒரு வளையம், அதன் மேல் சாய்வாக நிற்கும் மருந்துக் குப்பி. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே ஒரு சொட்டுதான் விழும். அது எப்படி என்பதை மட்டும் இங்கே சொல்லவில்லை, மன்னிக்கவும்.

இதோடு ஒரு தொழில் யோசனையும் உண்டு. மாதச் சந்தா கட்டினால் மருந்து தீரும் முன்பே வீட்டுக்கு அனுப்புவது, வேளை தவறாமல் நினைவூட்ட ஒரு செயலி.

இப்போது ஒரு தயாரிப்பாளர் முழு வரைபடம் கேட்கிறார். கண்டுபிடிப்புப் போட்டி ஒன்றை நடத்துகிறவர்கள் கருவி இயங்கும் காணொளி கேட்கிறார்கள், அதை இணையத்தில் எல்லோரும் பார்க்கப் போடுவார்களாம். விண்ணப்பம் எதுவும் இன்னும் போடவில்லை. எதை முதலில் செய்வது? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காப்புரிமை கிடைக்குமா?

பதில் 1

எல்லா வரைபடத்தையும் ஓர் உறையில் போட்டு உங்கள் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தேதி முத்திரை சாட்சி. செலவே இல்லை.

பதில் 2

தயவுசெய்து அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த உறை யாருக்கும் காப்புரிமை தராது. முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று பார்த்த நாடு அமெரிக்கா. அங்கேயும் 2013 மார்ச் 16 முதல், முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. தேதி போட்ட குறிப்பேடு வைத்திருப்பது நல்லதுதான், யாராவது உங்களிடமிருந்து எடுத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டி வந்தால் உதவும். விண்ணப்பத்துக்கு அது ஈடாகாது.

காணொளியை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் நாளில் கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும். நீங்களே வெளியிட்டிருந்தாலும் அது வெளியானதுதான். அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளில் கண்டுபிடித்தவரே வெளியிட்டதற்கு 12 மாத அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் மிகச் சில விதிவிலக்குகள் தவிர அந்த அவகாசம் கிடையாது. ஒரு நிமிடக் காணொளியால் அந்தக் கதவு மூடிவிடும்.

பதில் 3

ஒரே காப்புரிமை கிடையாது. கருவி, சந்தா, செயலி, பெயர் எல்லாவற்றுக்கும் வெவ்வேறு வழி.

சந்தா யோசனையைப் பாதுகாக்க அநேகமாக வழியே இல்லை. வெறும் யோசனை யாருக்கும் சொந்தமாகாது, நாளைக்கே இன்னொருவர் அதே சந்தாவைத் தொடங்கலாம். செயலியின் நிரலுக்குப் பதிப்புரிமை எழுதியவுடனே தானாக வந்துவிடும், ஆனால் அது நீங்கள் எழுதிய நிரலைத்தான் காக்கும். அதே வேலையைச் செய்யும் வேறு செயலியைத் தடுக்காது. மருந்து வாங்கும் இடம், விலைக் கணக்கு போன்றவற்றை வணிக ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு இல்லை. ஆனால் ரகசியமாக வைக்க நியாயமான முயற்சி எடுத்தீர்கள் என்று காட்ட முடிய வேண்டும். பொதுவில் கிடக்கும் கோப்புறையில் போட்டுவிட்டு ரகசியம் என்று சொன்னால் எடுபடாது. வளையத்தின் தோற்றம் தனித்துவமாக இருந்தால் வடிவமைப்புப் பதிவும் செய்யலாம்.

காப்புரிமைக்குத் தகுந்தது அந்த ஒரு சொட்டு நுட்பம்தான். கண்சொட்டுக்கு உதவும் வளையங்கள் ஏற்கனவே சந்தையில் இருக்கின்றன, அதனால் வளையத்தை மட்டும் வைத்துக் கேட்டால் நிற்காது. காப்புரிமைகளைத் தேடிப் பார்க்கும் இணையதளங்களான எஸ்பேஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். பழைய விண்ணப்பங்களை உட்கார்ந்து படியுங்கள். ஆனால் ஒன்று, பெரும்பாலான விண்ணப்பங்கள் 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். நேற்று ஒருவர் போட்டது உங்கள் கண்ணில் படாது.

கேட்டவர்

மிக்க நன்றி. தயாரிப்பாளரிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுவிட்டு வரைபடத்தைக் கொடுத்தால் போதுமா? விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று பார்க்கிறேன்.

பதில் 2

ஒப்பந்தம் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பித் தள்ளிப்போடாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டும். அவரிடமிருந்து வெளியே போனதைக் கேட்டுத் தயாரிப்பவரை மடக்குவது பெரும்பாடு.

அமெரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா உட்படப் பல நாடுகளில் தற்காலிக விண்ணப்பம் உண்டு. அதைப் போட்டால் தேதி கிடைக்கும், 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி, அதே 12 மாதத்துக்குள் மற்ற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தாலும் முதல் தேதியே கணக்கு.

தற்காலிகம் என்றதும் அரைப்பக்கம் எழுதிப் போட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில்தான் வருத்தம். அதில் இல்லாததற்கு அந்தத் தேதி கிடைக்காது. உதாரணத்துக்கு, உள்ளே ஒரு சுருள் வில் இருக்கிறது என்று வையுங்கள். விண்ணப்பத்தில் 'எஃகுச் சுருள் வில்' என்று மட்டும் எழுதினால், இன்னொருவர் பிளாஸ்டிக் பட்டை வில்லைப் போட்டு நழுவப் பார்ப்பார். வில் என்ன வேலை செய்கிறது, அதற்குப் பதிலாக எதெல்லாம் அந்த வேலையைச் செய்யும், குப்பி பெரிதானால் என்ன மாறும் என்று எல்லா வகையையும் படத்தோடு எழுதுங்கள். முழு விண்ணப்பத்தின் கடைசியில் உரிமைக் கோரிக்கைகள் என்று ஒரு பகுதி வரும். உங்கள் எல்லை அதுதான். அதை அனுபவமுள்ள காப்புரிமை முகவரிடம் கொடுங்கள், அந்தச் செலவில் கை வைக்காதீர்கள்.

பதில் 4

தயாரிப்பாளர் விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அவருடைய பொறியாளர் நுட்பத்தையே மாற்றிக் கொடுத்தால், கண்டுபிடிப்பில் அவரும் பங்கு கேட்கலாம். 'செய்யப்படும் மேம்பாடுகள் யாருக்குச் சொந்தம்' என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதுங்கள். கருவியை வார்க்கும் அச்சு யாருடையது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம், எங்காவது வேலையில் இருக்கிறீர்களா? உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஊழியர் கண்டுபிடிப்பதெல்லாம் நிறுவனத்துக்கே என்று சிலவற்றில் இருக்கும்.

கேட்டவர்

வேலை ஒப்பந்தத்தைப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை. முகவரிடம் நேரம் வாங்கியாயிற்று. தற்காலிக விண்ணப்பம் போட்ட ரசீது கைக்கு வந்த பிறகே வரைபடம், அதுவும் ஒப்பந்தத்தோடு. போட்டி நடத்துகிறவர்களிடம் அடுத்த முறை கலந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைசியாக இரண்டு சந்தேகம். உலகம் முழுவதற்கும் ஒரே காப்புரிமை உண்டா? 'ஒருசொட்டு' என்று பெயர் வைத்தால் பதிவாகுமா?

பதில் 3

உலகக் காப்புரிமை என்று ஒன்று இல்லை. பிசிடி என்ற காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாக ஒரே சர்வதேச விண்ணப்பம் போடலாம், முதல் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதம் வரை எந்தெந்த நாடு என்று முடிவெடுக்க நேரம் கிடைக்கும். உரிமையைக் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நாடுதான். கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு, இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிவர வேண்டும்.

'ஒருசொட்டு' கருவி செய்யும் வேலையையே சொல்கிறது, அப்படிப்பட்ட பெயரை வணிகச் சின்னமாகப் பதிவது கடினம். தொடர்பில்லாத சொல்லோ புதிதாக உருவாக்கிய சொல்லோ எடுங்கள். விண்ணப்பம் வெளியான பிறகு அரசு அலுவலகம் போலவே தோற்றமளிக்கும் கட்டணக் கடிதங்கள் வரக்கூடும். முகவரிடம் காட்டாமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.