நியூக்ளியர் ரிசெப்டாருக்குத் தமிழ் என்ன? (அவசரம், திங்கள் அச்சு)

வணக்கம். செவிலியர் மாணவிகளுக்கான ரத்தக்குழாய் நோய்ப் பாடக்குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகணும். நியூக்ளியர் ரிசெப்டாரில் வண்டி நின்றுவிட்டது. பழைய குறிப்பில் 'அணுக்கரு ஏற்பி' என்று இருக்கிறது. கூடங்குளத்துக்கும் கொலஸ்டிராலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மாணவி கேட்டாளாம். நியாயம்தானே? செல்லின் உட்கருவுக்குள் ஜீன்களை முடுக்கவும் அடக்கவும் செய்யும் புரதங்கள் இவை. மனிதரில் 48 உண்டு. கைகொடுங்கள்.
— அஸ்தம்பட்டி

'உட்கரு ஏற்பி'. உட்கரு பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது, ஏற்பி எல்லோரும் எழுதுவது. முடிந்தது.
— ஆத்தூர்

முடியவில்லை ஐயா. உடம்படுமெய் வந்து 'உட்கருவேற்பி' ஆகும். 'கருவேற்பி' என்று காதில் விழுந்தால் பிள்ளைகள் பிரசவ வார்டுக்கு ஓடுவார்கள். தவிர, 'ஏற்பது இகழ்ச்சி' என்று படித்தவர்கள் நாம். ஈ, தா, கொடு என்று கேட்பவர் நிலை பார்த்துச் சொல் வகுத்த மொழியில், ஜீனுக்கே ஆணையிடும் புரதத்தை இரப்பவன் ஆக்கலாமா? 'கொள்வி' என்பேன். ஏல் என்ற வேர் லேசுப்பட்டதல்ல: ஏற்பாடு, ஏற்றம், ஏலம், நம் ஏற்காடுகூட...
— சூரமங்கலம்

ஏற்காடு, ஏரியும் காடும் சேர்ந்தது ஐயா. அந்த ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி? ஏற்றம் 'ஏறு' வீட்டுப் பிள்ளை. ஏலம் போர்ச்சுக்கீசியர் கொடுத்தது. ஏற்பாடு மட்டும் உங்களுக்கு.
— ஏற்காடு

நடுவே ஒன்று. இவை எல்லாம் உட்கருவுக்குள்ளேயே குடியிருப்பவை அல்ல. கார்ட்டிசால் ஏற்பி சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே, காத்திருந்து, கார்ட்டிசால் ஹார்மோன் வந்து ஒட்டிய பிறகே உள்ளே போகும். அதனால் இடத்தை விட்டு வேலையைப் பாருங்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற பாதுகாப்புச் செல்லில் கொலஸ்டிரால் கூடினால், அதன் ஆக்சிஜனேற்ற வடிவங்கள் எல்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியில் ஒட்டும். அது ஏபிசிஏ1 ஜீனை முடுக்கும். அந்த ஜீன் தரும் புரதம் கொலஸ்டிராலை வெளியே தள்ளும். தள்ளி மாளாவிட்டால் கொழுப்பு நிரம்பி அது நுரை செல் ஆகும், அப்புறம் அடைப்பு. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் ஏற்பியோ அளவு மீறித் தூண்டப்பட்டால் குழாயை விறைக்க வைக்கும், பிரஷரை ஏற்றும். ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை மறிப்பது அதைத்தான். 'ஜீன்முடுக்கி' எனலாம், ஆனால் அடக்கும் வேலை விட்டுப்போகிறது.
— மருத்துவர், ஃபேர்லேண்ட்ஸ்

வகுப்பெடுக்கப் போவது நான். பயோகிளிட்டசோன் சாப்பிடும் சர்க்கரை நோயாளியின் காலை என் மாணவிகள் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். குழி விழும், மெல்லத்தான் நிரம்பும். மாத்திரை பி.பி.ஏ.ஆர். காமா என்ற ஏற்பியைத் தூண்டுகிறது, அது ரத்தக்குழாயிலும் இருக்கிறது, உடம்பில் உப்பும் நீரும் தேங்குகிறது, இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஆகாது. இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் சொல்லணும். இதில் 'கொள்வி'க்கு வேறு உரை சொல்ல நேரமில்லை. நியூக்ளியர் ரிசெப்டார் என்றே விடுங்கள் அண்ணா.
— செவிலிய ஆசிரியை

அம்மா, இப்படியே விட்டால் நாளை ரத்தக்குழாயும் பிளட் வெசல் ஆகிவிடும்.
— சூரமங்கலம்

ரத்தமே வடசொல்தானே ஐயா. குருதிக்குழாய் என்று போடச் சொல்லலாமா?
— ஏற்காடு

தாராளமாக!
— சூரமங்கலம்

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. தனிமடலில் வந்தவர்களையும் சேர்த்தால் 'உட்கரு ஏற்பி' பக்கம்தான் ஆள் அதிகம். பிரித்தே எழுதுகிறேன், முதல் இடத்தில் மட்டும் நியூக்ளியர் ரிசெப்டாரும் கூட நிற்கும். சைட்டோபிளாசத்தில் காத்திருப்பவை பற்றி டாக்டர் சொன்னது அதே பக்கத்தில் ஒரு வரியாக வரும். ரத்தக்குழாய் ரத்தக்குழாயாகவே இருக்கும்.
— அஸ்தம்பட்டி

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள் தம்பி. எழுத்தில் பிரித்துவிட்டால் வாய் சேர்த்துச் சொல்லாதா? தொகைநிலை பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.
— சூரமங்கலம்