பிஎச் மீட்டர் ரீடிங் நிற்கவே மாட்டேன் என்கிறது (அவசரம்)

புது_லேப்
வணக்கம். பிஎச் மீட்டரில் ரீடிங் ஓடிக்கொண்டே இருக்கிறது. 6.4 காட்டும், கொஞ்ச நேரத்தில் 6.1, அப்புறம் 5.8. காலிபரேஷன் பாஸ் என்றுதான் வருகிறது. நாளைக்கு ஆடிட். புரோப் போய்விட்டதா? புதுசு கேட்டால் முதலாளி கத்துவார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கரூர்_சாயம்
என்ன தண்ணீர்? எந்தெந்த பஃபர் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்) வைத்து காலிபரேட் செய்தீர்கள்? வேலை முடிந்ததும் புரோபை எதில் ஊறப்போடுகிறீர்கள்? இது மூன்றும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

எர்த்_பார்த்தீங்களா
மேக்னடிக் ஸ்டிரர் (சாம்பிளைக் கலக்கும் காந்தக் கருவி) பக்கத்தில் இருக்கிறதா? அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரீடிங் பாருங்கள். பாதி லேபில் எர்த் சரியாக இருப்பதில்லை. கண்ணாடி எலக்ட்ரோடு, அதாவது அந்த புரோப், வழியாக வரும் சிக்னல் ரொம்ப மெலிசு, கொஞ்சம் கசிவு இருந்தாலே ஆட்டம் காட்டும். கேபிள் முனையில் இருக்கும் பிஎன்சி கனெக்டரில் ஈரம் பட்டிருந்தாலும் இதே கதைதான்.

இறால்_குட்டை
காலையில் எடுத்தீர்களா, சாயங்காலமா? வெயில் நேரத்தில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளும், பிஎச் ஏறும். ராத்திரி இறங்கிவிடும். எங்கள் குட்டையில் காலை 7.8 என்றால் மாலை 8.3 வரும். டேங்கில் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள் தம்பி.

பழைய_பியூரெட்
இதே கேள்வி இங்கே எத்தனையோ தடவை வந்தாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. மீட்டர் “பாஸ்” என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்றாவது தெரியுமா? ஸ்லோப் (ஒரு பிஎச்சுக்கு எத்தனை மில்லிவோல்ட் மாறுகிறது) எவ்வளவு, ஆஃப்செட் (பஃபர் 7இல் பூஜ்யத்திலிருந்து விலகல்) எவ்வளவு? அதைச் சொல்லாமல் “புரோப் போய்விட்டதா” என்று கேட்பது, ஜுரம் எவ்வளவு என்று பார்க்காமல் மருந்து கேட்பது மாதிரி. மில்லிவோல்ட் மோடில் போட்டு, பஃபர் 7இல் என்ன, 4இல் என்ன என்று எழுதிவிட்டு வரவும்.

புது_லேப்
கேன் வாட்டர் கம்பெனி, ஆர்ஓ தண்ணீர். பஃபர் 7, 4 இரண்டும்தான் இருக்கிறது. புரோப் டிஸ்டில்டு வாட்டரில் நின்றது, முன்னால் இருந்தவர் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார். மில்லிவோல்ட்: 7இல் +9, 4இல் +165. ரூம் 30 டிகிரி. பாசி எல்லாம் இல்லை. தம்பி இல்லை அண்ணா, நான் பெண்.

கரூர்_சாயம்
இப்போது பேசலாம். 165இலிருந்து 9 போனால் 156. நடுவில் 3 பிஎச். அப்படியென்றால் ஒரு பிஎச்சுக்கு 52 மில்லிவோல்ட். 25 டிகிரியில் முழுசாக வரவேண்டியது 59.16, 30 டிகிரியில் 60 சொச்சம். உங்களுக்கு 87 சதவீதம் வருகிறது. நல்ல புரோப் 95க்கு மேல் தரும். ஆஃப்செட் +9 பரவாயில்லை, முப்பதுக்குள் இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆக, புரோப் சோர்ந்திருக்கிறது, சாகவில்லை. ஆனால் ரீடிங் ஓடுவதற்கு இது மட்டும் காரணம் இல்லை. பஃபரில் போட்டால் நிற்கிறதா?

போர்வெல்_பாலாறு
அவர் கேட்டதோடு இதையும் செய்து பாருங்கள். ஆர்ஓவுக்குள் போவதற்கு முன் வரும் போர் தண்ணீரை ஒரு பீக்கரில் பிடித்து அதில் புரோபை விடுங்கள். ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டால் தொல்லை புரோபில் இல்லை, ஆர்ஓ தண்ணீரில்தான். டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) இருபது, முப்பது இருக்கும் தண்ணீரில் அயனி ரொம்பக் குறைவு. மீட்டர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? கலக்கினால் ஒரு ரீடிங், நிறுத்தினால் ஒரு ரீடிங் வரும்.

இன்னொன்று. ஆர்ஓ மெம்பரேன் பைகார்பனேட்டைத் தடுத்துவிடும், ஆனால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அப்படியே தாண்டிப் போய்விடும். அதனால்தான் உள்ளே 7.5 போன தண்ணீர் வெளியே 6க்குப் பக்கத்தில் வருகிறது. சுத்தமான தண்ணீரைத் திறந்து வைத்தாலே காற்றிலிருந்து இழுத்துக்கொண்டு 5.6 வரைக்கும் இறங்கும். உங்கள் 6.4, 6.1, 5.8 அந்த வழியில்தான் போகிறது. பீக்கரை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாட்டிலில் விளிம்பு வரை பிடித்து மூடி, திறந்ததும் எடுங்கள்.

எர்த்_பார்த்தீங்களா
ஸ்டிரர் பிளக் பிடுங்கிப் பார்த்தாரா என்று இன்னும் சொல்லவில்லை.

பழைய_பியூரெட்
போர்வெல் நண்பர் சொன்னது சரி, ஆனால் பாதிதான். எலக்ட்ரோடின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்குமே, ரப்பர் மூடி போட்டு. அளக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஜங்ஷன் (வெளியே கசிய விடும் நுண்துளை அடைப்பு) வழியாகக் கசியாது, ரெஃபரன்ஸ் (ஒப்பிடுவதற்கான நிலையான வோல்டேஜ்) தள்ளாடும். உள்ளே கரைசல் மட்டம் எங்கே இருக்கிறது? அளக்கும் தண்ணீரின் மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் தண்ணீர் உள்ளே போகும். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்காமல்தான் இப்போது கெமிஸ்ட்ரி டிகிரி கொடுக்கிறார்கள்.

அப்புறம், டிஸ்டில்டு வாட்டரில் ஊற வைப்பதை யார் கண்டுபிடித்தார்களோ.

சாக்பீஸ்
இதில் கோபப்பட என்ன இருக்கிறது? எங்கள் கல்லூரி லேபில் எப்போதும் டிஸ்டில்டு வாட்டரில்தான் வைப்போம். எத்தனையோ பேட்ச் பிள்ளைகள் அதிலேயே செய்முறைத் தேர்வு எழுதிப் பாஸ் ஆகிவிட்டார்கள்.

பழைய_பியூரெட்
பாஸ் ஆனது பிள்ளைகள். புரோப் இல்லை.

கரூர்_சாயம்
சார் சொல்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கல்லூரியில் பெரும்பாலும் டைட்ரேஷன்தான். அதில் எங்கே திடீரென்று தாவுகிறது என்பதுதான் கணக்கு. 7.0 என்று காட்ட வேண்டிய இடத்தில் 7.3 காட்டினாலும் முடிவுப் புள்ளி பெரிதாக மாறாது, அதனால் கெட்டுப்போனது வெளியே தெரியாது. இங்கே 6.4, 6.6 என்ற வித்தியாசமே விவகாரம். குடிநீருக்கான ஐஎஸ் 10500இல் 6.5 முதல் 8.5 வரைதானே.

டிஸ்டில்டு வாட்டரில் வைத்தால் ஜங்ஷன் வழியாக உப்பு வெளியே போய்க்கொண்டே இருக்கும், கண்ணாடியின் மேல்பூச்சிலிருந்தும் அயனிகள் கழன்றுவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். 100 மில்லிக்கு 22.4 கிராம். அது கைவசம் இல்லாத ராத்திரி பஃபர் 4இல் வைத்தாலும் பழுதில்லை.

சாக்பீஸ்
தாவும் இடம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனாலும் காய்ந்து கிடப்பதைவிட டிஸ்டில்டு வாட்டர் மேல். பல கல்லூரிகளில் பொட்டாசியம் குளோரைடு பாட்டிலுக்கு இண்டெண்ட் போட்டால் அடுத்த வருடம்தான் வரும்.

மாடித்தோட்டம்_சேலம்
வீட்டு உப்பு போட்டால் ஆகாதா? அதுவும் குளோரைடுதானே?

பழைய_பியூரெட்
ஆகாது. அயோடின், கட்டி பிடிக்காமல் இருக்கப் போடும் பொருள், எல்லாம் அதில் இருக்கிறது. பொட்டாசியமும் குளோரைடும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நகரும், அதற்காகத்தான் அந்த உப்பையே தேர்ந்தெடுத்தார்கள். சோடியம் அப்படி இல்லை. 1909இல் சோரன்சன் பிஎச் அளவுகோலைக் கொண்டுவந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் சமையலறையிலேயே நிற்கிறோம்.

இறால்_குட்டை
சோரன்சன் பீர் கம்பெனி லேபில்தானே இருந்தார்? அதுவும் ஒரு வகைச் சமையலறைதான் சார் 😀

போர்வெல்_பாலாறு
தங்கச்சி இதையெல்லாம் படித்துக் குழம்பிவிடப் போகிறார். இன்றைக்கு ராத்திரிக்குள் முடிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். புரோப் முனையில் இருக்கும் கண்ணாடி பல்பை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால் மணி நேரம் வையுங்கள். கழுவி, துளை வழியாகப் பழைய கரைசலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு நிரப்புங்கள். லேபிளைப் பாருங்கள்: ஒற்றை ஜங்ஷன் என்றால் சில்வர் குளோரைடு கரைந்த கரைசல் கேட்கும், இரட்டை என்றால் சாதா பொட்டாசியம் குளோரைடே போதும். பல்புக்குள் காற்றுக்குமிழி இருந்தால் ஒரு உதறு உதறுங்கள். ஒரு மணி நேரம் பொட்டாசியம் குளோரைடில் ஊறட்டும். பிறகு புதிதாக ஊற்றிய பஃபரில் காலிபரேஷன். டிஷ்யூவால் பல்பைத் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.

சாம்பிள் அப்புறமும் ஓடினால் 100 மில்லிக்கு 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு 0.3 மில்லி விட்டு அளக்கலாம்.

பழைய_பியூரெட்
சாம்பிளில் ஒன்றைக் கலந்தால் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

புது_லேப்
போர் தண்ணீரில் உடனே நின்றது, 7.4. ஆசிட், கரைசல் மாற்றியது எல்லாம் ஆயிற்று. ரப்பர் மூடி மூடியே இருந்தது, திறந்தேன். ஆர்ஓ தண்ணீர் இப்போது 6.6இல் நிற்கிறது, கொஞ்ச நேரம் மட்டும். நன்றி எல்லோருக்கும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கரூர்_சாயம்
ஸ்லோப் எவ்வளவு வந்தது? 90க்குக் கீழேயே நின்றால் ஆடிட் முடிந்ததும் புதுசு கேட்டுவிடுங்கள்.

மாடித்தோட்டம்_சேலம்
இழை திறந்திருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். என்னிடம் பேனா மாதிரி ஒரு பிஎச் மீட்டர் இருக்கிறது, டிராயரில் காய்ந்து கிடந்தது. மூடிக்குள் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

இறால்_குட்டை
உப்பு பூத்தால் பரவாயில்லை, தண்ணீரில் கழுவினால் போய்விடும். ஒரு ராத்திரி பொட்டாசியம் குளோரைடில் ஊறப்போட்டுவிட்டு பஃபரில் பாருங்கள். 7இலும் 4இலும் ஒரே ரீடிங் காட்டினால் பல்பு விரிசல், அதைத் தூக்கிப் போடலாம்.