செக்ரோல் கணினிக்குப் போன கதை: புதுப்பிப்பு

இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீஸில் செக்ரோல் புத்தகம் (தொழிலாளர் வருகை, கொழுந்து எடை, சம்பளம் பதியும் பதிவேடு) போய் எக்செல் வருகிறது, 16 வருடக் கைப்பழக்கம் வீண் என்று போன மாசிமாதம் இங்கே புலம்பியிருந்தேன். "பொறுத்துப் பாருங்கள்" என்றீர்கள்.

முதல் மாதம் படாத பாடு. ஒரு வரி தள்ளிப் பதிந்ததில் ஓர் அக்காவின் 18 கிலோ கொழுந்து வேறொருவர் பேரில் ஏறிவிட்டது. பெரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன், நியாயம்தான். அப்புறம்தான் நாளின் மூன்று கொழுந்து நிறுவையையும் மாலைக்குச் சேர்த்து வைக்காமல் அந்தந்த நேரமே பதியத் தொடங்கினேன்.

ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு (சம்பளத்தில் தொழிலாளி பங்கு 8, தோட்டத்தின் பங்கு 12 சதவீதம்) முன்பு இரண்டு இரவைத் தின்னும். இப்போது சூத்திரமே போட்டுவிடுகிறது. நான் சரிபார்ப்பதோடு சரி.

பழைய புத்தகம் இன்னும் மேசை லாச்சியில்தான். கரண்ட் போனால் அதுதான் கைகொடுக்கிறது.