நெஞ்சு படபடப்பு: என்னவென்று தெரியும் வரை வேலையை எப்படிச் சமாளித்தீர்கள்?

எடைமேடைக் கிராணி, சுங்கை சிப்புட், மலேசியா

எல்லாருக்கும் வணக்கம். செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில், பழ லாரிகளை எடை போட்டுச் சீட்டு அடிக்கும் எடைமேடைக் கிராணியாக இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கொஞ்ச காலமாக நெஞ்சு திடீர் திடீரென்று அடித்துக்கொள்கிறது. படிப்படியாக ஏறுவது இல்லை. சுவிட்சைத் தட்டின மாதிரி தொடங்கும், அதே மாதிரி நின்றுவிடும். நடுவில் பத்து நிமிடமோ அரை மணியோ, கண்ணாடியில் பார்த்தால் கழுத்து துள்ளுவது தெரியும்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கக் கிளினிக்) ஒரு வெள்ளி கட்டி இசிஜி எடுத்தேன். நார்மல். எடுத்த நேரத்தில் நெஞ்சு சமர்த்தாக இருந்தது, வேறு எப்படி வரும்? அந்தத் தாளில் விழுவது பத்து விநாடித் துடிப்புதான். தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம் எல்லாம் இரத்தத்தில் பார்த்தார்கள். அதிலும் குறையில்லை. டாக்டர் ஈப்போவில் இருக்கும் இருதய நிபுணருக்கு எழுதிக் கொடுத்தார். தேதி தள்ளித்தான் கிடைத்திருக்கிறது. ஹோல்டர், அதாவது உடம்பிலேயே மாட்டிக்கொண்டு துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் மெஷின், அதை மாட்டுவதற்கு வேறொரு தேதி.

அதுவரை வேலைக்குப் போயாக வேண்டுமே. வெட்டின பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் விளைச்சல் மாதங்களில் இரவிலும் லாரிகள் சடக்கு (சாலை) வரை வரிசை பிடித்து நிற்கும். பழத்தோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வந்ததும் ஒரு எடை. இரவு ஷிப்டில் அந்த அறையில் நான் மட்டும்தான். ஒரு நாள் லாரி மேடையில் ஏறி நிற்கிறது, திரையில் எண் நின்றுவிட்டது, எனக்கோ விரல் நடுங்கி விசையில் நிற்க மாட்டேன் என்கிறது. கீழே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

மேலாளரிடம் சொன்னால், “ரிப்போர்ட் நார்மல்தானே?” என்றார். கூட வேலை செய்பவர்களோ தண்ணீர் போத்தலைக்கூடத் தூக்க விடுவதில்லை. ஒரு பக்கம் நடிப்பு என்கிறார்கள், இன்னொரு பக்கம் எனக்குக் கருமாதித் தேதி குறிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து எடைச்சீட்டு அடிக்க வேண்டும்.

எனக்குக் கை கொடுத்தது ஒரு கடிதம். டாக்டரிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கேட்கவில்லை. “பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது, முடியும் வரை இரவில் தனியாக வேலை செய்வதைத் தவிர்க்க வேண்டும்” என்று மட்டும் எழுதித் தரச் சொன்னேன். நோயின் பெயர் இல்லாமலேயே அது செல்லுபடியானது. பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரவுப் படி போனது உண்மை, மாதக் கடைசியில் உறைக்கத்தான் செய்கிறது. எம்சியையும் கணக்குப் பார்த்துத்தான் எடுக்கிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவான சேவை என்றால் வருடத்துக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18, அதற்கு மேல் 22. ஈப்போவுக்கு அலையவே அதில் பாதி போய்விடும் போலிருக்கிறது.

நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள்?

பழ லாரி டிரைவர், கோலகங்சார்

தங்கச்சி, உனக்குத் தெரிந்தாவது அடிக்கிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிரஷர் பார்க்கப் போன இடத்தில் மெஷின் திரும்பத் திரும்ப எரர் காட்டியது. மிஸ்ஸி (நர்ஸ்) மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு மணிக்கட்டில் விரலை வைத்தார், முகம் மாறிவிட்டது. துடிப்பு தாறுமாறு. இசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அப்போதே வந்துவிட்டது. இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்குவதால் இரத்தம் தேங்கிக் கட்டியாகுமாம், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்றார் டாக்டர். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்று முடிவு செய்யும் வரை எனக்கு ஒரே கவலை சரக்கு லாரி ஓட்டுவதற்கான ஜிடிஎல் லைசென்ஸ்தான்.

முதலாளியிடம் மறைக்கலாம் என்று கூட்டாளிகள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பழம் ஏற்றின லாரி, லாடாங் (தோட்டத்து) சடக்கில் எதிரே பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். ஒர்க்‌ஷாப்பில் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன், டிரிப் காசு இல்லை. கண் இருட்டுகிறது, மயக்கம் வருகிறது என்பவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும் வரை சாவியைத் தொடாதீர்கள். மோட்டார் சைக்கிளும் இதில் சேர்த்திதான்.

தீபாவளிக் குடியும் இதைக் கிளப்பிவிடும் என்றார் டாக்டர். அந்தப் பேச்சை வீட்டில் எடுத்தால் எனக்கு எதிராகவே திரும்பும், இங்கே மட்டும் சொல்கிறேன்.

பழம் வெட்டுபவரின் மனைவி

அக்கா, ஹோல்டர் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு மாட்டினார்கள். “வழக்கம்போல வேலை செய்யுங்கள், படுத்தே கிடந்தால் ஒன்றும் தெரியாது” என்றார்கள். சரி என்று விடியற்காலையில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், கம்பு அரிவாளைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கே வேர்வையில் நெஞ்சில் ஒட்டியிருந்த பட்டைகள் கழன்று தொங்கின. பாதிப் பதிவு வெறும் கிறுக்கல். மறுபடி தேதி வாங்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் தடவை மார்பு முடியை நன்றாக மழித்து, தோலைத் துடைத்துக் காயவைத்து ஒட்டி, மேலே அகலமான டேப் போட்டார்கள். மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) நான்தான் போய்ப் பேசினேன். அன்று முதலில் உதிரிப் பழம் பொறுக்க விட்டு, வெயில் ஏறுவதற்குள் கொஞ்ச மரம் மட்டும் வெட்ட விட்டார். டன் கணக்குச் சம்பளம், அன்றைய வருமானம் குறைவுதான். நெஞ்சு துள்ளும்போதெல்லாம் என்ன நேரம், என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதச் சொன்னார்கள். அவர் எங்கே எழுதினார்! வாய்ஸ் மெசேஜாக எனக்கு அனுப்பினார், நான் எழுதி வைத்தேன். மெஷினைக் கழற்றும் வரை குளிக்கக் கூடாது. பழம் வெட்டிவிட்டு வந்த ஆளை அப்படியே கட்டிலில் படுக்கவைத்த பெருமை என்னைத்தான் சேரும்.

கடைசியில் இடையிடையே விழும் கூடுதல் துடிப்பு, இதயம் நல்ல அமைப்பில் இருக்கிறது, பயமில்லை என்றார்கள். கோப்பியைக் குறைத்து நன்றாகத் தூங்கச் சொன்னார்கள். தூக்கம் சரி, கோப்பி நடக்கவில்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை

எடைமேடை அக்கா, பட்டென்று தொடங்கிப் பட்டென்று நிற்கிறது என்றீர்களே, எனக்கும் அப்படியேதான். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதுகிற மாதிரி நின்று சமாளிப்பேன். உங்களுக்கும் அதே நோய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று: படபடப்பு இருக்கும்போதே பக்கத்தில் இசிஜி எடுக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள், நின்ற பிறகு போய்ப் பயனில்லை. என் தலைமையாசிரியர் காரில் கொண்டுபோய் விட்டார், துடிப்பு 180க்கு மேல் தாளில் விழுந்தது. எஸ்விடி (இதயத்தின் மேல்பகுதியில் கிளம்பும் வேகத் துடிப்பு) என்று அன்றே சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தேன். நிபுணர் முதலில் கேட்டதே அதைத்தான்.

அடுத்த தேதி வரை சமாளிக்க ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார்கள். சாய்ந்து உட்கார்ந்து, காலி ஊசிக்குழாயின் தண்டை நகர்த்துகிற அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 43 விழுக்காட்டினருக்குத் துடிப்பு சரியானது, காலைத் தூக்காமல் ஊதியவர்களில் 17 விழுக்காடுதான். என்ன கோளாறு என்று உறுதியாகாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். பிறகு கோலாலம்பூர் ஐஜேஎன்னில் (தேசிய இருதய மருத்துவமனை) அப்லேஷன், அதாவது கோளாறான இடத்தைக் குழாய் விட்டுச் சுடும் சிகிச்சை, செய்துகொண்டேன், இப்போது பரவாயில்லை.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் சேர்ந்து வந்தால் மேலாளரின் அனுமதிக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். 999.

எடைமேடைக் கிராணி

டீச்சர் சொன்னதை இன்று மேலாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த முறை வந்தால் தோட்டத்து வேனில் நேராக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவது, எடைமேடையைப் பழத்தின் தரம் பார்க்கும் கிரேடிங் பையன் பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. தோட்டத்து டிரெஸ்ஸரும் (மருத்துவ உதவியாளரும்) வேன் டிரைவரின் நம்பரை என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தார். லாரி அண்ணே, உங்கள் எக்கோ ரிசல்ட் என்னவாயிற்று, லைசென்ஸ் கிடைத்ததா? தங்கச்சி, அந்த அகல டேப்பை அவர்களே போட்டார்களா, நான் ஃபார்மசியில் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?